உறவில்லாத மாமாக்கள்

மே மாதம் பிறந்தால் நம் டைம்லைனில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் வந்துவிடும். முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள். வாசலில் வந்து நிற்கும் குதிரைவண்டி. கொஞ்சம் இளையவர் எழுதியதென்றால் ஆட்டோ. அதிலிருந்து இறங்கும் அத்தை. அத்தை கையில் மஞ்சப்பை, பைக்குள் கைமுறுக்கு. அப்புறம் மொட்டைமாடியில் வரிசையாகப் பாய், பாட்டி பிசைந்து உருட்டிப் போடும் சோறு, பல்லாங்குழி, கிணற்றடி. கடைசிப் பத்தியில் கட்டாயம் ஒரு பெருமூச்சு இருக்கும்: இப்போ எல்லாரும் வாட்ஸப் குரூப்புல மட்டும்தான் பார்த்துக்கிறோம்.

எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த முறுக்கை நானும் தின்றிருக்கிறேன். ஆனால் இப்படிப் பத்துக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். எந்த அத்தை யாருடைய அத்தை என்பதே மறந்துபோகும். ஒரு கட்டுரையின் அத்தையைத் தூக்கி இன்னொன்றில் வைத்தாலும் எதுவும் கெடாது. அத்தனை பிரியத்தோடு நினைக்கப்படுகிற ஒரு மனுஷிக்கு முகமே இல்லை. பையும் முறுக்கும்தான் இருக்கின்றன. அன்பு குறைவாக இருப்பதால் இது நடக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாததால் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் சிறுகதைக்காரர்கள் இதே விஷயத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்றுதான் பழைய தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரிலிருந்து வரும் உறவினர், அவரை எதிர்பார்த்து நிற்கும் குழந்தை. தமிழில் இதற்குக் கதை இல்லாமலா? ஆனால் ஞாபகத்தில் ஆழமாக நிற்கிற கதைகளை வரிசைப்படுத்தியபோது வேடிக்கையான ஒன்று கண்ணில் பட்டது. குழந்தைகள் கொண்டாடுகிற அந்த 'மாமா', அந்தத் 'தாத்தா', அவர்களில் யாருமே சொந்தக்காரர் இல்லை!

புதுமைப்பித்தனிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை நாம் நையாண்டிக் கதையாகப் படித்துப் பழகிவிட்டோம். கடவுள் சென்னைக்கு வருகிறார், காபி குடிக்கிறார், சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார். சிரிக்கிறோம். ஆனால் கதையின் நடுவே திருவல்லிக்கேணி வீட்டுக்குள் கடவுள் நுழையும் இடத்தைத் தனியாக எடுத்துப் படித்தால், அது விருந்தாளி வருகையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. கந்தசாமிப் பிள்ளைக்கு ஒரு சிக்கல். முன்பின் தெரியாத கிழவரை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். மனைவியிடம் யாரென்று சொல்வது? கடவுள் என்றா சொல்ல முடியும்? பெரியப்பா என்று சொல்லிவிடுகிறார், ஊர்ப்பெயரில் கைலாசத்தையும் ஒட்டவைத்து. அந்த ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிடுகிறது. காந்திமதி நமஸ்காரம் செய்கிறாள். குழந்தை வள்ளிக்கு அவர் தாத்தா ஆகிவிடுகிறார்.

வள்ளிக்கு அவர் கடவுள் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் கேட்பது மாறியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. எனக்கு என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்பதுதான் அவள் விசாரணை. கடவுளிடம் மனிதர்கள் வரம் கேட்பார்கள். இவள் வரம் கேட்கவில்லை, பையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். வரம் கேட்பவனுக்குக் கடவுள் மேலே இருக்க வேண்டும். பையைத் துழாவுகிறவளுக்கு அவர் திண்ணை உயரத்தில் இருந்தால் போதும். கதை முழுக்கக் கடவுளை அவருடைய இடத்திலிருந்து கீழே இறக்கப் பார்க்கும் புதுமைப்பித்தன், ஒரு குழந்தையை வைத்து அதை ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு உறவுமுறைச் சொல்.

அந்தச் சொல் பொய் என்பதை மறக்க வேண்டாம். பெரியப்பா என்பது நுழைவுச்சீட்டு. நம் வீடுகளில் உறவுமுறை இல்லாமல் வாசல்படி தாண்ட முடியாது. பால்காரர் அண்ணன், பக்கத்து வீட்டுக்காரி அக்கா, அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் மாமா. இதைத் தமிழர்களின் பெருந்தன்மை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெருந்தன்மை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இது ஒரு வகைக் காவலும்கூட. முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் ஆளை ஒரு கட்டத்துக்குள் உட்காரவைத்தாயிற்று. எதுவரை வரலாம், எதுவரை பேசலாம் என்பது தீர்மானமாகிவிடும்.

இந்த இடத்தில் விருந்து என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தொல்காப்பியத்தில் விருந்து என்றால் புதுமை. இலக்கியத்துக்குச் சொல்லப்படும் எட்டு வனப்புகளில் ஒன்றின் பெயரே அதுதான், புதிதாகப் புனைவது. முன்பின் அறியாத புதியவர் வந்தால் அவர் விருந்து. சொந்தக்காரர்களுக்கு வேறு சொல் இருந்தது: ஒக்கல், சுற்றம். 43ஆம் குறளில் இல்லறத்தான் பேண வேண்டியவர்களை வள்ளுவர் அடுக்கும்போது விருந்தையும் ஒக்கலையும் தனித்தனியாகத்தான் வைக்கிறார். இரண்டும் ஒன்றென்று அவர் நினைக்கவில்லை. நாம்தான் 'வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க' என்று இரண்டையும் ஒரே பாயில் உட்காரவைத்துவிட்டோம்.

இது அகராதி விளையாட்டு இல்லை. அத்தைக் கட்டுரைகளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரே வீட்டில் கூடவே இருந்த சித்தப்பாவைப் பற்றி யாராவது இப்படி உருகி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? எழுத மாட்டார்கள். அவர் தினமும் பாத்ரூமில் அரைமணிநேரம் இருப்பவர், டிவி ரிமோட்டைத் தராதவர். வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் வருகிற மாமாதான் உருக்கத்துக்கு உரியவர். குழந்தை கொண்டாடியது அவரிடம் இருந்த ஒக்கலை இல்லை, விருந்தை. வேறு ஊர்ப் பேச்சு, வேறு பீடி வாசனை, நம் வீட்டில் இல்லாத ஒரு சிரிப்பு. ரத்த சொந்தம் என்பது அவரை நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த பஸ்தான்.

சிறுகதைக்காரர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு வந்திறங்கிய ஆளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' இதற்குப் பெரிய சாட்சி. 1970இல், அவர் காலமான பிறகு, சாகித்ய அகாதமி விருது பெற்ற தொகுப்பின் பெயரும் இதுதான். பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைத் தூங்கவிடாமல் எழுப்பிப் புத்தகம் எங்கே என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. புதுவருஷ டைரிகள் இரண்டு கிடைக்கின்றன, இரண்டு குழந்தைகளுக்குத் தருகிறார். சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அவரை வீட்டுக்கு வரச்சொல்கிறான். ஒரு நாள் போகிறார். பையன் உபசரிக்கிறான். பிறகு ஒரு டைரியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டுகிறான். எழுதச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான். தன் பிரியமுள்ள சாரங்கனுக்கு அவர் தந்த அன்பளிப்பு என்று. கதை அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் குழந்தை மனதின் ஏக்கம் என்ற பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார்கள். எனக்குக் கதையின் திசைதான் முக்கியமாகப் படுகிறது. கதை முழுக்கக் குழந்தைகள்தான் பெரியவர் வீட்டுக்கு வருகிறார்கள். கடைசியில் மட்டும் பெரியவர் குழந்தை வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டில் விருந்தாளியை வரவேற்பது பெற்றோர் இல்லை, சாரங்கன். உட்காரவைக்கிறான், உப்புமா வருகிறது, காபி வருகிறது. பெரியவர்கள் விருந்தாளிக்கு என்னென்ன செய்வார்கள் என்பதை அவன் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று விடாமல் முறைப்படி செய்கிறான். செய்துவிட்டு, விருந்தாளி கொண்டுவர வேண்டியதையும் அவனே தயார்செய்து வைத்திருக்கிறான். வந்தவர் கையில் ஒன்றும் இல்லை. பையன் தனக்கான பரிசைத் தானே தேடி வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்கிற ஒரு கையை மட்டும் கடன் கேட்கிறான்.

டைரிக்காக அவன் அழவில்லை. டைரி அவனிடம் இருக்கிறது. வள்ளியின் கேள்விக்கும் இதுதான் அர்த்தம். 'என்ன கொண்டுவந்தாய்' என்று கேட்கிற குழந்தைக்குப் பண்டம் மட்டுமா வேண்டும்? நீ அங்கே, உன் ஊரில், ஏதோ ஒரு கடைவாசலில் நின்றபோது என்னை நினைத்தாயா என்றுதான் அது கேட்கிறது. நினைத்ததற்கு அத்தாட்சி வேண்டும். முறுக்கு அத்தாட்சி. பெரியவர்கள் இதை அல்பம் என்று அதட்டுவார்கள்: "வந்தவங்க கையப் பாக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது!" அதட்டுகிற அதே அம்மா, நாத்தனார் போன பிறகு, அவள் கொண்டுவந்த பலகாரம் எத்தனை டப்பா என்று கணக்குப் பார்ப்பாள். இரண்டு பேரும் கையைத்தான் பார்க்கிறார்கள். ஒருவருக்கு அது வேலை, இன்னொருவருக்கு விசாரிப்பு.

சரி, சொந்தக்காரர்களை வைத்து ஏன் இந்தக் கதையை எழுத முடியவில்லை? அழகிரிசாமி அந்தப் பத்திரிகைக்காரரைச் சாரங்கனின் சொந்த மாமாவாக வைத்திருக்கலாமே. வைத்திருந்தால் கதை உடைந்திருக்கும். சொந்த மாமா இரண்டு பேருக்கு டைரி கொடுத்து மூன்றாவது பையனுக்குக் கொடுக்கவில்லை என்றால் அதன் பெயர் வேறு. அந்தப் பையனின் அம்மாவுக்கும் மாமாவுக்கும் என்ன தகராறு, கல்யாணத்தில் சீர் குறைந்ததா, பாகப்பிரிவினையா என்று வாசகன் தேட ஆரம்பித்துவிடுவான். தமிழ்க் குடும்பத்தில் தாய்மாமன் வெறும் பிரியமான மனுஷன் இல்லை. காதுகுத்தில் மடி தருகிறவர், சடங்கில் சீர் கொண்டுவருகிறவர், பல சாதிகளில் நாளைக்குப் பெண் கேட்டு வரவோ பெண் கொடுக்கவோ உரிமையுள்ளவர். அத்தை வருங்கால மாமியாராகலாம். அவர்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பழைய கணக்கின் மிச்சமும் ஒரு புதிய கணக்கின் முன்பணமும் சேர்ந்தே வருகின்றன. பையை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? எங்கள் வீட்டுக்குப் பெரியம்மா வந்தால் அம்மா முதலில் செய்கிற காரியம், நாங்கள் கை வைப்பதற்குள் பையை உள்ளே கொண்டுபோய் வைப்பது. பல வருஷம் அது எங்களைத் தடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வந்த பலகாரத்தின் எடைக்கு ஈடாகத் திரும்பும் பையில் என்ன வைப்பது என்று அவர் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அன்று சாயங்காலம் கொல்லைப்பக்கமாக எங்களில் ஒருவர் பக்கத்து வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரைக்குப் போவோம். முன்வாசலில் சிரிப்பு, பின்வாசலில் டம்ளர்.

அத்தைக் கட்டுரைகளில் முன்வாசல் மட்டும்தான் இருக்கிறது. பின்வாசலை விட்டுவிட்டால் அத்தைக்கு முகம் வராது. ஏனென்றால், அவளுடைய முகம் பாதி அங்கேதான் இருக்கிறது: இவர்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்தும் தெரியாததுபோல் இரண்டாவது நாளே கிளம்பிவிட்டவளா, தெரிந்தே பத்து நாள் இருந்தவளா என்பதில்.

சொந்தம் சொந்தத்தின் வீட்டுக்கு வருவதை நேருக்கு நேர் எழுதியவர்கள் பெரும்பாலும் அதைப் பெரியவர்களின் பக்கத்திலிருந்துதான் எழுதியிருக்கிறார்கள். நாஞ்சில் நாடனின் முதல் சிறுகதை 'விரதம்', 1975இல் 'தீபம்' இதழில் வந்தது. அமாவாசை நாள். ஒரு முதியவர் கட்டிக்கொடுத்த பெண்களின் வீடுகளுக்குப் போகிறார். ஒரு மகள், அப்பா மற்ற மகள் வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறாள். இன்னொருத்தியும் அப்படியே. அவரால் வாயைத் திறந்து பசிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. வெறும் வயிற்றோடு திரும்பி வருகிறார். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இரண்டு மகள்களுக்கும் அப்பா மீது பிரியம் உண்டு. அந்தப் பிரியத்துக்கும் சோற்றுக்கும் இடையில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்த வீடுகளின் பேரக்குழந்தைகள் நாளை ஒரு கட்டுரை எழுதினால் என்ன எழுதுவார்கள்? அமாவாசைக்கு அமாவாசை தாத்தா வருவார் என்று எழுதுவார்கள். தாத்தா கையில் என்ன கொண்டுவந்தார் என்பதுகூட ஞாபகமிருக்கும். அவர் சாப்பிடாமல் போனார் என்பது அந்தக் கட்டுரையில் வராது, அவர்களுக்குத் தெரிந்தால்தானே.

ஜெயகாந்தனின் 'யுகசந்தி' இன்னொரு பக்கம். கௌரிப் பாட்டி பஸ்ஸை விட்டு இறங்கி மகன் வீட்டுக்கு வருகிறாள். கடலூரில் மகன், நெய்வேலியில் விதவைப் பேத்தி கீதா. பாட்டி இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருப்பவள். பாட்டி வருவது என்றால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குத் திருவிழா. கதை அவர்களைச் சீக்கிரம் தாண்டிப்போய்விடுகிறது, அதற்கு முடிக்க வேண்டிய காரியம் வேறு. கீதா மறுமணம் செய்துகொள்ளப்போகிறாள் என்று தெரிந்ததும், வந்த பாட்டி திரும்பிக் கிளம்புகிறாள், பேத்தியோடு இருக்க. நல்ல கதைதான், பாட்டி கம்பீரமானவள். ஆனால் குழந்தைகளின் கண்வழியாக அந்த நாளைப் பார்த்தால் என்னவாக இருக்கும் என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு வாசிப்பிலும் வருகிறது. மூட்டையோடு வந்த பாட்டி, வந்த சூடு ஆறுவதற்குள் மூட்டையோடு போகிறாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். என்ன நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவர் வருவது திடீரென்று நின்றுபோவது இப்படித்தான் நடக்கும். குழந்தைகளுக்குச் சேதி வராது, ஆள்தான் வராமல் போவார். ஜெயகாந்தன் அந்தக் கதையை எழுதவில்லை. யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அத்தை ஏன் அதற்குப் பிறகு வரவில்லை என்ற ஒரு கேள்வியை நம் மே மாதக் கட்டுரைக்காரர்கள் கேட்டுப் பார்த்தால் போதும், முறுக்கு தானாகவே பின்னால் போய்விடும்.

திரும்ப அழகிரிசாமிக்கு வருகிறேன், 'ராஜா வந்திருக்கிறார்' கதைக்காக. இதுவும் பாடப்புத்தகத்தனமான பாராட்டுகளால் கொஞ்சம் மழுங்கிப்போன கதை. தீபாவளி. பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வந்திருக்கிறார், எல்லோரும் ராஜா என்று அழைக்கிறவர். ஏழைக் குடிசையில் தாயம்மாளும் குழந்தைகளும். அங்கே வந்து சேர்கிறான் யாருமற்ற ஒரு பையன், உடம்பில் சிரங்கோடு. அவன் பெயரும் ராஜா. தாயம்மாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென்று வைத்திருந்த புதுத்துணி அவனுக்குப் போகிறது. மறுநாள் மங்கம்மாள் பணக்காரப் பையனிடம் போய்ச் சொல்கிறாள், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக.

மங்கம்மாளின் அந்தப் பெருமையைப் பலர் வெகுளித்தனம் என்கிறார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. கதை ஒரு போட்டியோடுதான் தொடங்குகிறது: உங்கள் வீட்டில் இது இருக்கா, எங்கள் வீட்டில் இது இருக்கே என்று குழந்தைகள் அடுக்குகிறார்கள். குழந்தைகளின் உலகில் விருந்தாளி என்பவர் ஒரு சொத்து. 'எங்க மாமா பட்டாளத்துல இருக்காரு', 'எங்க சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து வர்றாரு', பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய நாணயம் உண்டா? மங்கம்மாளுக்கு அந்த நாணயம் நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அவளிடம் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது, செலவழிக்கிறாள். அழகிரிசாமியின் துணிச்சல் எங்கே என்றால், அந்தப் போட்டியை அவர் கண்டிக்கவில்லை. அதே விளையாட்டை, அதே விதிகளோடு ஆடவிட்டு, சிரங்கு பிடித்த ஓர் அனாதையைச் சொத்துப்பட்டியலில் மேலே ஏற்றிவிடுகிறார். தாயம்மாள் அவனைத் தன் குழந்தைகளோடு சேர்த்துக்கொண்டு ஓர் இரவுதான் ஆகியிருக்கிறது. மங்கம்மாளுக்கு அது போதும். அவளைப் பொறுத்தவரை வீட்டுக்கு வந்தவன் வீட்டுக்காரன்.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுகமாக முடிந்துவிடும், உறவு என்பது ரத்தமில்லை, மனசு என்று. அப்படி முடிக்க முடியாமல் குறுக்கே நிற்கிறது பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்த அந்தத் தன்வரலாற்றில் பாமா தன் பாட்டியைப் பற்றிச் சொல்கிறார். பாட்டி நாயக்கர் வீடுகளில் வேலை செய்தவர். நேற்றுப் பிறந்த குழந்தைகூட, நாயக்கர் வீட்டுக் குழந்தை என்பதாலேயே, அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். மீந்த சோற்றை அந்த வீட்டுப் பெண்கள் தொட்டுவிடாத உயரத்திலிருந்து அவர் பாத்திரத்தில் கொட்டுவார்கள்.

அந்தக் குழந்தையையும் சாரங்கனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் தமிழ்க் குழந்தைகள். ஒருவன் யாரென்றே தெரியாத பத்திரிகைக்காரரை மாமா என்கிறான். இன்னொன்று தினமும் வீட்டுக்கு வருகிற வயதான பெண்மணியை, தன் பாட்டி வயதுள்ளவரை, பெயர் சொல்லி அழைக்கிறது. யாரும் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பால் குடிக்கும்போதே வந்துவிடும். உறவுமுறைச் சொல்லை யாருக்கு வேண்டுமானாலும் தரலாம் என்று கந்தசாமிப் பிள்ளை கடவுளுக்குத் தந்தாரே, அந்தத் தாராளத்துக்கு ஊரில் ஓர் எல்லை இருந்தது. கடவுள் அந்த எல்லைக்கு உள்ளே இருந்தார். பாமாவின் பாட்டி வெளியே இருந்தார். தினம் அந்த வீட்டுக்கு வந்தும் அவர் ஒருநாளும் 'வந்தவர்' ஆகவில்லை.

நம் மே மாதக் கட்டுரைகளின் திண்ணைகளிலும் மொட்டைமாடிகளிலும் இப்படிப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் கண்டிப்பாக இருந்திருப்பார்கள். அத்தை வந்தால் கூடுதல் பாத்திரம் துலக்கியவர், மாமாவின் பெட்டியை பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கிவந்தவர். கட்டுரையில் அவர்கள் வருவதில்லை. வந்தால் 'எங்கள் வீட்டு முனியம்மா' என்று ஒரு வரியில், அதே பழைய பெயர்விளிப்போடு வருகிறார்கள். எழுதுகிறவருக்கு இன்றைக்கு முப்பது வயது, முற்போக்கான ஆள், சாதிக்கு எதிராகப் பதிவு போடுகிறவர். ஞாபகத்துக்குள் போனதும் ஏழு வயதுப் பையனாகிவிடுகிறார், அந்தப் பையன் யாரை எப்படிக் கூப்பிட்டானோ அப்படியே கூப்பிடுகிறார். குழந்தைப்பருவ ஞாபகத்தை 'அப்படியே' எழுதுவது நேர்மை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படியே எழுதுவதில் இப்படியும் ஒரு வசதி இருக்கிறது.

அழகிரிசாமியோ புதுமைப்பித்தனோ இதையெல்லாம் தீர்த்துவைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கந்தசாமிப் பிள்ளை வீட்டுக் கடவுள்கூடத் தங்கவில்லை. மனிதர்களோடு சேர்ந்து குடித்தனம் நடத்துவது நடக்கிற காரியமில்லை, தள்ளி நின்று அருள் செய்வதுதான் தன்னால் ஆகும் என்று புரிந்துகொண்டு கிளம்பிவிடுகிறார். அவரும் விருந்தாளிதான், பெரியப்பாவாக அவரால் நீடிக்க முடியவில்லை. வள்ளி அதற்குப் பிறகு எத்தனை நாள் தாத்தா எங்கே என்று கேட்டிருப்பாள் என்பதைப் புதுமைப்பித்தன் நமக்குச் சொல்லவில்லை.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைப் பலர் படித்திருப்பீர்கள். மாமா வீட்டு விடுமுறை முடிந்து அப்பாவோடு ரயிலில் திரும்புகிறான் ஒரு சின்னப் பையன். நம் கட்டுரைகள் முடிகிற இடத்தில், ஊர்ப்பயணம் முடிந்து பெட்டி கட்டியாயிற்று என்கிற இடத்தில், இந்தக் கதை ஆரம்பிக்கிறது. கையில் ஓர் ஆரஞ்சு வைத்திருக்கிறான், உரிக்காமல். அதே ரயில் பெட்டியில் அவனைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெண் குழந்தை. யாரோ ஓர் அதிகாரி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகக் கல்கத்தாவுக்குப் போகிறாள். அவளுக்கும் இது ஒரு வீட்டுக்குப் போகிற பயணம்தான். அங்கே அவளை யாரும் வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், பையில் என்ன என்று கேட்க மாட்டார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

பையனுக்கு இதில் எவ்வளவு புரிந்தது என்று ஜானகிராமன் விளக்கவில்லை. இறங்க வேண்டிய ஸ்டேஷன் நெருங்குகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட அவனிடம் இருந்தது அந்த ஒரு பழம்தான். அதை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்குகிறான்.